திருத்தங்கலிலிருந்து பொறியியலுக்கு: பட்டியலில் எதை மேலே எழுதுவது?

தமிழ்நாட்டில் பொறியியல் படிப்புக்குக் கல்லூரி கல்லூரியாக ஏறி இறங்கி விண்ணப்பம் வாங்க வேண்டியதில்லை. தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்துக்கு ஒரே ஒரு விண்ணப்பம் போதும். கவுன்சலிங்கில் உங்கள் சுற்று வரும்போது கணினியில் ஒரு பட்டியலை நிரப்பச் சொல்வார்கள். எது முதல் வரி, எது பத்தாவது வரி என்பதுதான் உண்மையான முடிவு. 2017 வரை இதற்காக அப்பாவும் பிள்ளையும் சென்னைக்கு ரயிலேறி, அண்ணா பல்கலைக்கழகத்தில் திரையைப் பார்த்து நின்ற இடத்தில் முடிவெடுத்தார்கள். 2018 முதல் எல்லாம் இணையவழி. யோசிக்க நேரம் கிடைத்திருக்கிறது. குழப்பிவிட ஆட்களும் கூடியிருக்கிறார்கள்.

திருத்தங்கல், சிவகாசிப் பக்கம் பயராபீஸ் (பட்டாசு ஆலை), தீப்பெட்டி ஆபீஸ், அச்சாபீஸ் என்று வேலை பார்த்து, வீட்டில் முதல் ஆளாக ஒரு பிள்ளையைக் கல்லூரிக்கு அனுப்பப் போகிறவர்களை மனதில் வைத்தே இதை எழுதுகிறேன்.

முதலில் கட் ஆஃப். கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50, ஆக 200. கணிதத்தில் 86, இயற்பியலில் 78, வேதியியலில் 82 வாங்கிய பிள்ளைக்கு 86 + 39 + 41 = 166. தமிழ், ஆங்கில மதிப்பெண்கள் இதில் சேராது. கணக்கில் போகும் ஒரு மதிப்பெண் முழுதாகப் போகும். மற்ற இரண்டிலும் அரையாகப் போகும். இதுவரை எல்லோருக்கும் தெரியும். ஆனால் 'போன வருஷம் அந்தக் காலேஜ் 166க்குக் கிடைத்ததாம், நமக்கும் கிடைக்கும்' என்று கணக்குப் போடுவதில்தான் சறுக்குகிறோம். வினாத்தாள் எளிதாக அமைந்த ஆண்டில் எல்லோருடைய கட் ஆஃபும் ஏறும். அதே 166 பல ஆயிரம் இடங்கள் கீழே இறங்கிவிடும். அதனால் மதிப்பெண்ணை ஒப்பிடாதீர்கள், தரவரிசை எண்ணை ஒப்பிடுங்கள். பொதுத் தரவரிசை வேறு, உங்கள் வகுப்புக்குரிய தரவரிசை வேறு. இரண்டும் கையில் இருக்க வேண்டும். போன ஆண்டு எந்தத் தரவரிசையோடு எந்த இடம் முடிந்தது என்பது வகுப்புவாரியாக வெளியாகிறது.

பட்டியலின் ஒவ்வொரு வரியும் ஒரு கல்லூரி அல்ல. ஒரு கல்லூரியும் அதிலுள்ள ஒரு பாடப்பிரிவும் சேர்ந்த ஜோடி. 'சிவகாசி மெப்கோவா, மதுரை தியாகராசரா' என்று கேட்டால் பதில் சொல்ல முடியாது. 'மெப்கோவில் இ.சி.இ.யா, தியாகராசரில் மெக்கானிக்கலா' என்று கேட்டால் பேசலாம்.

வீட்டிலிருந்தே போய்வரும் தூரத்தில் நம்மைப் போலக் கல்லூரிகள் வாய்த்த ஊர் குறைவு. விருதுநகர் சாலையில் மெப்கோ ஷ்லெங்க் பொறியியல் கல்லூரி, 1984இல் தொடங்கியது. பட்டாசுக்கு வேண்டிய அலுமினியத் தூள் செய்யும் மெப்கோ நிறுவனமும் ஜெர்மனியின் ஷ்லெங்க் நிறுவனமும் சேர்ந்து உருவாக்கியது. பெயரிலேயே நம் தொழில் இருக்கிறது. விருதுநகர் தாண்டி மதுரை சாலையில் காமராஜ் பொறியியல் கல்லூரி, 1998இல் தொடங்கியது. சேவல்பட்டியில் பி.எஸ்.ஆர்., இராஜபாளையத்தில் 2013இல் வந்த ராம்கோ, சாத்தூர் வழியாகப் போனால் கோவில்பட்டியில் 1984இல் தொடங்கிய நேஷனல் பொறியியல் கல்லூரி. இன்னும் சிலவும் உண்டு.

இவற்றில் பெரும்பாலானவற்றின் பேருந்து காலையில் நம் ஊர் வழியாகவோ சிவகாசியிலிருந்தோ போகும். பெண் பிள்ளை வைத்திருப்பவர்கள் பலர் பேருந்து வாசலில் வந்து நிற்கிறதா என்பதை வைத்தே முடிவெடுக்கிறார்கள். அதைக் குறை சொல்ல மாட்டேன். ஹாஸ்டல் செலவு மிச்சமாவது சின்ன விஷயமல்ல. ஆனால் போக வர தினம் மூன்று மணி நேரம் பேருந்தில் கழியும் என்றால் சாயங்காலம் கோடிங் பழகவோ, ஆய்வகத்தில் தங்கி ஒரு புராஜெக்ட் செய்யவோ வழியில்லை. இரண்டு நல்ல கல்லூரிகளுக்கு நடுவில் தயக்கம் வந்தால் பக்கத்தில் இருப்பதை எடுங்கள். ஒரு நல்ல கல்லூரிக்கும் ஒரு சுமாரான கல்லூரிக்கும் நடுவில் தயங்கினால், பக்கத்தில் இருக்கிறது என்பதற்காகச் சுமாரானதை எடுக்காதீர்கள்.

தூரத்தில் இருப்பவற்றுள் முதலில் வருவது மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரி. கருமுத்து தியாகராசன் செட்டியார் 1957இல் தொடங்கியது. அரசு உதவி பெறும் கல்லூரி. அதற்குள்ளேயே அரசு உதவி பெறும் பிரிவும் சுயநிதிப் பிரிவும் உண்டு; கட்டணம் இரண்டுக்கும் வேறு வேறு. பட்டியலை நிரப்பும்போது எந்த வரி எது என்று பார்த்துக்கொள்ளுங்கள். முழு அரசுக் கல்லூரி என்றால் திருநெல்வேலியிலும் (1981), காரைக்குடியில் அழகப்ப செட்டியார் பெயரிலும் (1952) இருக்கின்றன. கட்டணம் மிகக் குறைவு. கட்டடம் பளபளப்பாக இருக்காது, ஏ.சி. பேருந்து வராது. போய்ப் பார்த்த பெற்றோர் பலர் முகம் சுளிப்பது இதற்காகத்தான். கட்டடத்தைப் பார்த்துக் கல்லூரியைத் தேர்ந்தெடுப்பது கல்யாண மண்டபம் பார்க்கிற மாதிரி ஆகிவிடும். அண்ணா பல்கலைக்கழகத்தின் மதுரை, திருநெல்வேலி மண்டல வளாகங்களும் பட்டியலில் வரும். பெயர் பெரியது. அங்கே உங்கள் துறையில் நிரந்தர ஆசிரியர்கள் எத்தனை பேர் என்பதை மட்டும் விசாரித்துவிட்டு எழுதுங்கள்.

சென்னை கிண்டி பொறியியல் கல்லூரி நமக்கு எட்டாது என்று பட்டியலிலேயே எழுதாமல் விடும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். கம்ப்யூட்டர் சயின்ஸ் எட்டாமல் போகலாம். ஆனால் அதே கிண்டியில் பிரின்டிங் அண்ட் பேக்கேஜிங் டெக்னாலஜி என்று ஒரு பிரிவு இருக்கிறது. கம்ப்யூட்டர் பிரிவுக்குப் பல இடங்கள் கீழே உள்ள தரவரிசைக்கும் அது கிடைக்கும். காலண்டரும் லேபிளும் அட்டைப்பெட்டியும் அடித்தே வளர்ந்த ஊர் நம்முடையது. மை, தாள், ஆஃப்செட் எந்திரம் என்பதெல்லாம் சிறு வயதிலிருந்து பார்த்துப் பழகியவை. அச்சாபீஸ் வாசனையில் வளர்ந்த பிள்ளைக்கு அந்தப் பாடம் முதல் நாளே புரியும். மருந்து, உணவு, அழகுப் பொருள் என்று பேக்கேஜிங் இல்லாத தொழில் இல்லை. சிவகாசியில் பொதிகை ஏறினால் விடியும்போது எழும்பூர். இந்த வரியை ஏன் நம்மவர்கள் அதிகம் எழுதுவதில்லை என்று எனக்கு இன்னும் புரியவில்லை.

இனி, அருகருகே இருக்கும் இரண்டு சுயநிதிக் கல்லூரிகளை எப்படி எடைபோடுவது? பிளேஸ்மென்ட் பேனரை வைத்து அல்ல. ஒரே மாணவருக்கு நான்கு நிறுவனங்களில் வேலை கிடைத்தால் நான்காக எண்ணும் பழக்கம் சில இடங்களில் உண்டு. 'அதிகபட்சச் சம்பளம்' ஒரே ஒருவருடையது. உங்கள் துறையில் கடைசி ஆண்டு எத்தனை பேர் படித்தார்கள், அவர்களில் எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, நடுவில் இருக்கும் பிள்ளைக்கு என்ன சம்பளம் என்ற மூன்றையும் கேளுங்கள். மழுப்பினால் அதுவே பதில்.

அடுத்தது அங்கீகாரம். நாக் தரம் கல்லூரி முழுவதற்கும் கொடுப்பது, என்.பி.ஏ. அங்கீகாரம் பாடப்பிரிவு பிரிவாகக் கொடுப்பது. மெக்கானிக்கலுக்கு என்.பி.ஏ. இருக்கும், போன ஆண்டு ஆரம்பித்த ஏ.ஐ. பிரிவுக்கு இருக்காது. வளைவில் மாட்டிய பலகை இதைச் சொல்லாது. எந்த ஆண்டு வரை செல்லும் என்பதையும் பாருங்கள். தன்னாட்சிக் கல்லூரி என்றால் பாடத்திட்டம், தேர்வு, திருத்தம் எல்லாம் கல்லூரியே. பட்டம் மட்டும் அண்ணா பல்கலைக்கழகம் தருவது. நல்ல கல்லூரி கையில் தன்னாட்சி இருந்தால் பாடம் காலத்துக்கேற்ப மாறும். அக்கறையில்லாத கல்லூரி கையில் இருந்தால் மதிப்பெண் மட்டும் தாராளமாக விழும். தன்னாட்சி இல்லாத கல்லூரிகளுக்கு அண்ணா பல்கலைக்கழகமே தேர்வு நடத்தி, கல்லூரிவாரியாகத் தேர்ச்சி விழுக்காட்டையும் வெளியிடுகிறது. பேனரைவிட அந்தப் பட்டியலை நம்பலாம்.

எல்லாவற்றையும்விட ஆசிரியர்கள்தான் முக்கியம். ஒரே பேராசிரியரின் பெயர் ஒரே நேரத்தில் பல கல்லூரிகளின் கணக்கில் முழுநேர ஆசிரியராக இருப்பதை 2024 ஜூலையில் அறப்போர் இயக்கம் வெளிக்கொண்டுவந்தது. அதனால் இணையதளத்தில் இருக்கும் ஆசிரியர் பட்டியலை அப்படியே நம்ப வேண்டாம். அங்கே மூன்றாம் ஆண்டு படிக்கும் நம் ஊர்ப் பிள்ளை ஒருவரைப் பிடித்து, 'போன செமஸ்டரில் உனக்கு யார் யார் பாடம் எடுத்தார்கள், நடுவில் எத்தனை பேர் மாறினார்கள்' என்று கேளுங்கள். திருத்தங்கலில் அப்படி ஒருவர் அடுத்த தெருவிலேயே இருப்பார்.

2024-25 முதல் ஒரு பாடப்பிரிவில் இத்தனை இடங்கள்தான் என்ற உச்சவரம்பை ஏ.ஐ.சி.டி.இ. எடுத்துவிட்டது. அதன்பின் கம்ப்யூட்டர் சார்ந்த பிரிவுகளில் இடங்களைக் கூட்டிக்கொண்டே போகிற கல்லூரிகள் உண்டு. இடம் கூடிய வேகத்தில் ஆசிரியரும் ஆய்வகமும் கூடினவா என்பதுதான் கேள்வி. பழைய கல்லூரியின் மெக்கானிக்கலா, புதுக் கல்லூரியின் ஏ.ஐ. டேட்டா சயின்ஸா என்று வந்தால், பிள்ளைக்கு வெறுப்பில்லாத பட்சத்தில் நான் பழைய கல்லூரியைத்தான் சொல்வேன். மெக்கானிக்கலும் எலெக்ட்ரிக்கலும் படித்து ஐ.டி.க்குப் போனவர்கள் ஊரெல்லாம் இருக்கிறார்கள். கேட் எழுதிப் பொதுத்துறைக்குப் போகவும் டி.என்.பி.எஸ்.சி. பொறியியல் தேர்வு எழுதவும் பழைய பிரிவுகளுக்கு வாசல் அதிகம். புதுப் பெயர்ப் பிரிவுகளுக்கு அரசு வேலையில் 'இது இன்னதற்குச் சமம்' என்று ஆணை தேட வேண்டிவரும்.

பணத்துக்கு வருவோம். சுயநிதிக் கல்லூரியில் கவுன்சலிங் இடத்துக்கு ஆண்டுக் கல்விக்கட்டணம் ரூ.50,000, அங்கீகாரம் பெற்ற பிரிவுக்கு ரூ.55,000, மேனேஜ்மென்ட் இடத்துக்கு ரூ.85,000, ரூ.87,000 என்று 2017இல் கட்டணக் குழு நிர்ணயித்தது. பேருந்து, தேர்வு, 'இதர' என்பவை இதற்கு மேல். கல்லூரியில் மொத்தத் தொகையை எழுதித் தரச் சொல்லுங்கள். இரண்டு தவணையாகக் கட்டலாமா என்றும் கேளுங்கள். தீபாவளிக்கு முந்தைய மாதங்களில் கையில் காசு புரளும், தீபாவளி முடிந்து ஆலை மூடிக் கிடக்கும் வாரங்களில் புரளாது. இரண்டாம் செமஸ்டர் கட்டணம் அதை ஒட்டித்தான் வரும்.

முதல் தலைமுறைப் பட்டதாரிச் சலுகை கவுன்சலிங்கில் வந்தவருக்கு மட்டுமே, வீட்டில் ஒருவருக்குத்தான். மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்ந்தால் அது போச்சு. ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவருக்கு 2021 சட்டப்படி 7.5 விழுக்காடு தனி ஒதுக்கீடு உண்டு. கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. இங்கேதான் நம் பக்கத்தில் பலர் ஏமாந்துபோகிறார்கள். சமுதாய உறவின்முறைகள் நடத்தும் பள்ளிகள் பல அரசு உதவி பெறுபவை. அரசுப் பள்ளிகள் அல்ல. அங்கே படித்தவருக்கு இந்த ஒதுக்கீடு கிடையாது. அதை நம்பி மேனேஜ்மென்ட் இடத்தையோ வேறு வாய்ப்பையோ விட்டுவிட வேண்டாம்.

கவுன்சலிங்குக்கு வெளியே இருப்பவற்றுக்கு மட்டும் தனித்தனி விண்ணப்பம் வேண்டும். கிருஷ்ணன்கோவில் கலசலிங்கம் நிகர்நிலைப் பல்கலைக்கழகம், தஞ்சாவூர் சாஸ்த்ரா, வேலூர் வி.ஐ.டி. எல்லாம் இந்த வகை. திருச்சி என்.ஐ.டி.க்கு ஜே.இ.இ. எழுத வேண்டும், அதில் பாதி இடம் தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கு. அதற்கான விண்ணப்பம் பிளஸ் டூ தேர்வுக்கு முன்பே முடிந்துவிடும். மே மாதம் நினைத்துப் பயனில்லை. நிகர்நிலைக்கு எத்தனை விண்ணப்பம் போடலாம் என்றால், கவுன்சலிங் கைவிட்டாலும் அந்தக் கட்டணத்தை நான்கு ஆண்டும் கட்ட முடியும் என்கிற அளவுக்கு மட்டும். மதிப்பெண் இடறிய பிள்ளைக்கு இன்னொரு வழி பாலிடெக்னிக். டிப்ளமோ முடித்தால் நேராக இரண்டாம் ஆண்டு பி.இ. சேரலாம், அதற்கும் தனிக் கவுன்சலிங் உண்டு.

பட்டியலை நிரப்பும் நாளில் ஒரு பயம் எல்லோருக்கும் வரும். எட்டாத கல்லூரியை மேலே எழுதினால் கீழே எழுதியது கைநழுவிவிடுமோ என்று. நழுவாது. உங்கள் தரவரிசை வரும்போது கணினி மேலிருந்து ஒவ்வொரு வரியாகப் பார்த்து, காலியாக இருக்கும் முதல் இடத்தை உங்களுக்குத் தரும். அதனால் ஆசைப்படும் வரிசையிலேயே எழுதுங்கள், நிறைய எழுதுங்கள். மேலே ஆசைப்பட்டவை, நடுவில் கிடைக்கக்கூடியவை, அடியில் நிச்சயமாகக் கிடைப்பவை. கிடைத்தாலும் சேர மாட்டேன் என்கிற வரியை மட்டும் எழுதவே வேண்டாம். அது கிடைத்துத் தொலையும்.

தற்காலிக ஒதுக்கீடு வந்தபின், ஏற்றுக்கொண்டு சேர்வதா, ஏற்றுக்கொண்டு மேலே உள்ள வரிக்குக் காத்திருப்பதா, மறுத்துவிட்டு அடுத்த சுற்றுக்குப் போவதா என்று இணையத்திலேயே சொல்ல வேண்டும். பாதி மனதோடு இருப்பவர்கள் இரண்டாவதை எடுக்கலாம். ஒதுக்கிய இடம் கையில் இருக்கும், மேலே காலியானால் ஏறலாம். மறுத்துவிட்டு அடுத்த சுற்றுக்குப் போவது துணிச்சல் அல்ல, பெரும்பாலும் நஷ்டம். கெடுவைத் தவறவிட்டால் இடம் போய்விடும்.

இந்த நாட்களில் கல்லூரி ஆட்கள் வீட்டுக்கே வந்து, 'நாங்களே நிரப்பித் தருகிறோம், ஓ.டி.பி. மட்டும் சொல்லுங்கள்' என்பார்கள். பிரௌசிங் சென்டரிலும் சிலர் கேட்பார்கள். பட்டியலை முதல் நாளே தாளில் எழுதி, அதைப் பார்த்துப் பிள்ளையே தட்டச்சு செய்யட்டும். கடவுச்சொல்லும் ஓ.டி.பி. வரும் போனும் உங்கள் கையிலேயே இருக்கட்டும். அசல் சான்றிதழ்களைக் கவுன்சலிங் முடியும்முன் எந்தக் கல்லூரியிலும் கொடுத்து வைக்காதீர்கள். மே மாதத்திலேயே முன்பணம் கேட்டால் கட்ட வேண்டாம். பல கல்லூரிகளில் கடைசிச் சுற்று முடிந்தபின்னும் இடங்கள் மிஞ்சத்தான் செய்கின்றன.