‘கேஸ் ஏற்றணும் சார்’ என்று சொல்லும் முன்...

மேல்நிலைத் தொழிற்கல்விப் பிரிவில் தானியங்கி ஊர்திப் பொறியியல் கற்பிக்கிறேன். ‘காரில் ஏசி சரியாகக் குளிரவில்லை, என்ன செய்வாய்?’ என்று கேட்டால் வகுப்பே சேர்ந்து சொல்லும் விடை, ‘கேஸ் ஏற்றணும் சார்.’ இந்த விடையைக் கேள்வியாக மாற்றுவதே எனது பாடத்தின் நோக்கம். ஏசி ஒரு மூடிய சுற்று. அதில் கேஸ் எரிந்து தீர்வதில்லை. ஒரே கோடையில் குறைந்துவிட்டால் எங்கோ கசிகிறது என்று பொருள்.

முதல் படி: கண்ணும் கையும்

கேஜ் மாட்டும் முன் மாணவர்கள் ஐந்தைப் பார்க்க வேண்டும்: கேபின் ஃபில்டரில் அடைப்பு, ப்ளோயரின் வேகம், கண்டன்சரில் படிந்த தூசி, கண்டன்சர் ஃபேன் சுழல்கிறதா, கம்ப்ரசர் கிளட்ச் பிடிக்கிறதா. பல பழுதுகள் இங்கேயே தெரிந்துவிடும். பிறகு கதவுகளை மூடி, ஏசியை முழு அளவில் சில நிமிடங்கள் ஓடவிட்டு, நடுத் துவாரத்தில் வெப்பமானி வைத்து அளவைக் குறிக்கச் சொல்வேன். ‘குளிரவில்லை’ என்பது புகார். வெப்பநிலை என்பது அளவு.

இரண்டாம் படி: இரண்டு கேஜ்கள்

ஆர்-134ஏ வாயு உள்ள காரில், வெளி வெப்பம் 35 டிகிரி அளவில் இருக்கும்போது, தாழ்பக்கம் ஏறத்தாழ 30 முதல் 45 பிஎஸ்ஐ, உயர்பக்கம் 200 முதல் 250 பிஎஸ்ஐ காட்டும். இறுதி அளவு அந்த வண்டியின் கையேட்டில் உள்ளதே.

• இரண்டும் குறைவு: கேஸ் குறைந்துள்ளது, கசிவைத் தேடுக.
• இரண்டும் அதிகம்: கண்டன்சரில் காற்றோட்டம் இல்லை, அல்லது கேஸ் மிகுதி.
• தாழ்பக்கம் அதிகம், உயர்பக்கம் குறைவு: கம்ப்ரசர் அழுத்தவில்லை.
• தாழ்பக்கம் வெற்றிடம் வரை இறங்குகிறது: எக்ஸ்பான்ஷன் வால்வில் அடைப்பு.
• இரண்டும் சரி, காற்று மட்டும் சூடு: ஹீட்டர் பக்கத்துக் கதவு மூடவில்லை.

இரண்டாவது நிலையைக் கவனியுங்கள். அங்கே கேஸ் ஏற்றினால் பழுது கூடும், கம்ப்ரசரே கெடலாம்.

இயற்பியலோடு இணைக்க ஒரு கேள்வி

எஞ்சின் நின்று நெடுநேரமானபின், 30 டிகிரியில் இரு கேஜ்களும் சுமார் 95 பிஎஸ்ஐ காட்டும். ‘அப்படியானால் கேஸ் முழுதாக உள்ளதா?’ என்று கேட்பேன். சுற்றில் சிறிதளவு திரவம் இருந்தாலே அந்த அழுத்தம் வந்துவிடும். அது ஆவியழுத்தம், வெப்பநிலையைப் பொறுத்தது. கேஸின் அளவை அது சொல்லாது. ஓடும்போது அளந்தால்தான் பழுது தெரியும்.

மூன்றாம் படி: கசிவு

கம்ப்ரசர் எண்ணெய் கேஸோடு சேர்ந்தே சுற்றுவதால், இணைப்புகளில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் அங்கே சோப்பு நுரை தடவிப் பார்க்கலாம். கண்ணாடியும் கையுறையும் கட்டாயம். வெளியேறும் திரவம் பட்டால் தோல் உறைந்துவிடும்.

பள்ளியில் கார் இல்லையென்றால், கரும்பலகையில் இரண்டு கேஜ் வட்டங்கள் வரைந்து முள்ளை மாற்றி மாற்றிக் காரணம் கேட்கலாம். ‘பார்த்தது, அளந்தது, காரணம், அடுத்த சோதனை’ என நான்கு கட்டங்கள் கொண்ட தாளை நிரப்பச் சொல்லி, காரணத்துக்கே அதிக மதிப்பெண் தருகிறேன்.

ஆர்-134ஏ, கார்பன் டை ஆக்சைடைப் போல ஆயிரம் மடங்குக்கும் மேல் புவியைச் சூடாக்கும் வாயு. கசிவை அடைக்காமல் ஏற்றும் கேஸ் காற்றில்தான் கலக்கும்; வண்டிக்காரரின் பணமும் அதோடு போகும். நாளை பட்டறையில் நிற்கப்போகும் நம் மாணவர் ‘ஏன் குறைந்தது?’ என்று முதலில் கேட்கப் பழகட்டும்.