உழவு இயந்திரமும் கட்டாயக் காப்புறுதியும்

றக்வானப் பகுதியில் வயல்கள் பள்ளங்களிலும், தேயிலையும் இறப்பரும் மலைச்சரிவுகளிலும் அமைந்துள்ளன. நெல் மூடைகளும் காய்கறிக் கூடைகளும் ஒடுங்கிய வளைவு வீதிகளின் வழியே பெல்மதுளைக்கும் இரத்தினபுரிக்கும் செல்கின்றன. அதே வீதிகளிலேயே பாடசாலைப் பிள்ளைகளும் தோட்டத் தொழிலாளரும் நடந்து செல்கின்றனர். ஆதலின், வாகனம் வைத்திருக்கும் கமக்காரர் ஒவ்வொருவரும் கட்டாயக் காப்புறுதியின் முறையை அறிந்திருத்தல் அவசியம்.

சட்டம் கூறுவது

1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, மூன்றாந் தரப்புக் காப்புறுதியின்றி எந்த மோட்டார் வாகனத்தையும் பெருந்தெருவில் செலுத்துதல் குற்றமாகும். லொறி, முச்சக்கர வண்டி ஆகியவற்றுடன் உழவு இயந்திரமும் இதில் அடங்கும். ஒரு வயலிலிருந்து மறு வயலுக்குச் செல்வதற்காகச் சிறிது தூரம் வீதியில் ஓட்டினாலும் இவ்விதி பொருந்தும். காப்புறுதிச் சான்றிதழைக் காட்டாமல் வருடாந்த வருமான அனுமதிப்பத்திரம் பெற இயலாது.

மூன்று தரப்பினர் யாவர்?

வாகன உரிமையாளர் முதலாந் தரப்பு. காப்புறுதி நிறுவனம் இரண்டாந் தரப்பு. வாகனத்தால் காயமுற்றவரோ உயிரிழந்தவரின் குடும்பத்தினரோ மூன்றாந் தரப்பு. இக்காப்புறுதி இம்மூன்றாமவரின் பொருட்டே ஏற்பட்டது. உரிமையாளரின் சொந்த வாகனத்துக்கு நேரும் சேதத்தை இது ஈடுசெய்யாது. அதற்கு முழுக் காப்புறுதி வேண்டும்.

நடைமுறை

ஒரு கமக்காரரின் இருசில்லு உழவு இயந்திரம் வளைவொன்றில் ஒருவரை மோதி, அவருடைய காலை முறித்துவிட்டதெனக் கொள்வோம். செலுத்தியவரின் கவனக்குறைவே காரணம் என நீதிமன்றம் கண்டால், மருத்துவச் செலவுக்கும் இழந்த கூலிக்கும் நட்டஈடு விதிக்கும். காப்புறுதி நடைமுறையில் இருப்பின் அப்பணத்தை நிறுவனம் செலுத்தும். இல்லையேல் உரிமையாளரே செலுத்துதல் வேண்டும். தீர்ப்பை நிறைவேற்ற அவருடைய வயலும் வளவும் ஏலத்துக்கு வரவும் கூடும். ஒரு போகத்தில் மீதப்படுத்திய சிறு கட்டணத்துக்காகத் தலைமுறைச் சொத்தை இழத்தல் தகாது.

காப்பின் எல்லை

இழுவைப் பெட்டியில் ஆட்களை ஏற்றிச் செல்லும் வழக்கம் மிக ஆபத்தானது. பெட்டியில் இலவசமாக ஏறிச் செல்வோருக்குக் கட்டாயக் காப்பு உண்டு என எண்ணி இருத்தலாகாது. வேலைக்கு அமர்த்தப்பட்டவர் வேலையின்போது காயமுற்றால், அது 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வேறாகக் கவனிக்கப்படும். சாரதி அனுமதிப்பத்திரம் இல்லாதவரிடம் வாகனத்தைக் கொடுத்தால், நிறுவனம் தான் செலுத்திய பணத்தை உரிமையாளரிடம் திரும்பக் கோரவும் கூடும்.

விபத்து நேர்ந்தால்

1. வாகனத்தை நிறுத்திக் காயமுற்றவரை உடனே வைத்தியசாலைக்கு அனுப்புக.
2. தாமதமின்றிப் பொலிஸ் நிலையத்தில் முறைப்பாட்டைப் பதிவு செய்க.
3. உரிமையாளர் காப்புறுதி நிறுவனத்துக்கு அன்றே அறிவித்தல் வேண்டும்.
4. காயமுற்றவர் வாகன இலக்கத்தையும் காப்புறுதி நிறுவனத்தின் பெயரையும் குறித்துக்கொள்ளுதல் வேண்டும். வைத்தியச் சீட்டுகளையும் பற்றுச்சீட்டுகளையும் பத்திரப்படுத்துதல் வேண்டும்.
5. நட்டஈட்டு வழக்கு இரண்டு ஆண்டுகளுக்குள் தொடரப்படுதல் வேண்டும். வழக்குத் தொடுத்ததைக் காப்புறுதி நிறுவனத்துக்கும் உடனே எழுத்தில் அறிவித்தல் இன்றியமையாதது.

கமக்காரர் கவனத்திற்கு

சான்றிதழிலுள்ள வாகன இலக்கமும் முடிவுத் திகதியும் சரியாக உள்ளனவா எனப் பார்க்க. இழுவைப் பெட்டிக்கும் காப்பு உண்டா என நிறுவனத்திடம் கேட்டறிக. பழைய வாகனம் வாங்குவோர், விற்றவரின் காப்புறுதி தமக்கும் செல்லும் என நம்பாது, தம் பெயரில் புதிய சான்றிதழ் பெறுக. விதைநெல்லைத் தேர்ந்தெடுக்கும் அதே கவனத்துடன் இச்சான்றிதழையும் ஆண்டுதோறும் புதுப்பித்தல் கமக்காரரின் கடமையாகும்.