வல்லூறு காத்த சிற்றூர்

நுழையும்முன்

வலசைப் பறவைகள் கண்டம்விட்டுக் கண்டம் செல்பவை. அவற்றின் வழியிலுள்ள ஓர் ஊர் வலை விரித்தாலும் இனமே நலிவுறும். வேட்டைக்களமாக இருந்த சிற்றூர் ஒன்று பறவைகளின் காவலிடமாக மாறிய வரலாற்றை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

நெடுவழிப் பயணி

அமூர் வல்லூறு, புறாவினும் சிறிய வேட்டைப் பறவை. எடை ஏறத்தாழ 150 கிராம். தென்கிழக்குச் சைபீரியாவிலும் வடசீனத்திலும் குஞ்சு பொரிக்கும் இப்பறவை, குளிர்காலத்தை ஆப்பிரிக்காவின் தென்பகுதியில் கழிக்கிறது. இடைவழியில், அக்டோபர், நவம்பர் மாதங்களில், நாகாலாந்தின் வோக்கா மாவட்டத்திலுள்ள தொயாங் நீர்த்தேக்கத்தை அடுத்துப் பெருந்திரளாகத் தங்குகிறது. அங்கு ஈசல்களை உண்டு, கடல் கடப்பதற்கு வேண்டிய கொழுப்பை உடலில் சேர்த்துக்கொள்கிறது.

வலையும் வாழ்வும்

2012ஆம் ஆண்டு, அவ்விடத்தில் மீன்வலைகளை உயரக் கட்டிப் பறவைகளைப் பிடித்தனர். ஒரே பருவத்தில் ஓர் இலட்சத்திற்கும் மேற்பட்டவை கொல்லப்பட்டதாக மதிப்பிடப்பட்டது. ஊராரைப் பழித்தல் எளிது. ஆனால், அணையால் விளைநிலம் இழந்த குடும்பங்களுக்கு அவ்விற்பனையே வருவாயாக இருந்தது. அவ்வருவாயைத் துறந்து, பங்தி உள்ளிட்ட ஊர்கள் வேட்டைக்குத் தடை விதித்தன. வலை கட்டியோரே காவலராயினர். 2013இல் அங்கு வேட்டை நின்றது.

விண்வழிக் கண்காணிப்பு

அவ்வாண்டு நவம்பரில், இந்தியக் கானுயிர் நிறுவனத்தினர் ஹங்கேரிய வல்லுநர்களுடன் இணைந்து மூன்று பறவைகளின் முதுகில் 5 கிராம் எடையுள்ள அலைபரப்பிகளைப் பொருத்தினர். அவற்றிற்கு நாகா, வோக்கா, பங்தி எனப் பெயரிட்டனர். இக்கருவி கதிரவன் ஒளியால் மின்னேற்றம் பெறும். செயற்கைக்கோள் நெருங்கும்போதும் விலகும்போதும் கருவியின் அலைவெண் மாறித் தோன்றும். அம்மாற்றத்தைக் கொண்டு பறவையின் இருப்பிடம் கணக்கிடப்படும்.

பறவைகள் இந்தியத் தீபகற்பத்தையும் அரபிக்கடலையும் ஓய்வின்றிக் கடந்து, ஆப்பிரிக்கக் கரையை அடைந்தன. 5,000 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட அத்தொலைவைக் கடக்க ஐந்தாறு நாள்களே ஆயின. நாகாவும் பங்தியும் 2014இல் தொயாங்கிற்கே மீண்டன.

பறவை எங்குச் செல்கிறது என்னும் வினாவிற்குச் செயற்கைக்கோள் விடை தந்தது. அது மீண்டும் உயிருடன் செல்லுமா என்னும் வினாவிற்கு விடை தந்தவர்கள் அவ்வூர் மக்களே.

கற்பவை கற்றபின்

1. உங்கள் மாவட்டத்திற்கு வலசை வரும் பறவைகளையும் அவை தங்கும் நீர்நிலைகளையும் பட்டியலிடுக.

2. 'வாழ்வாதாரத்திற்கு வழி காணாமல் உயிரினங்களைக் காக்க இயலுமா?' – வகுப்பறையில் கலந்துரையாடுக.