பல் முளைக்கும் குட்டிக்கு எலும்பு போடலாமா?

கேள்வி: எங்கள் வீட்டுப் பொமேரியன் குட்டிக்கு நாலரை மாதம் ஆகிறது. எடை இரண்டு கிலோதான். செருப்பு, நாற்காலிக் கால், சார்ஜர் வயர் என்று எதையும் விட்டுவைப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை மட்டன் குழம்பு வைத்தால், நல்லி எலும்பை அலசி அதற்குப் போடுகிறார் என் மாமியார். “எலும்பு கடிச்சாத்தான் பல்லு பலமாகும், கால்சியமும் சேரும்” என்பது அவர் கட்சி. கடையில் கேட்டதற்கு, முடிச்சுப் போட்ட வெள்ளை எலும்பு ஒன்றைக் கொடுத்தார்கள். நேற்று அதில் ரத்தக்கறையைப் பார்த்ததும் பயந்துவிட்டேன். எதைத்தான் கொடுப்பது டாக்டர்?
- வாசகி, கும்பகோணம்

பதில்: ரத்தத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம் அம்மா. நாய்க்குட்டிக்குப் பால் பற்கள் 28. மூன்று, நான்கு மாதத்தில் முன்பற்கள் விழத் தொடங்கி, ஏழு மாதத்துக்குள் 42 நிரந்தரப் பற்களும் வந்துவிடும். இந்த நாட்களில் கடிக்கும் பொருளில் ஓரிரு துளி ரத்தம் ஒட்டுவது இயல்பு. விழுந்த பல்லைப் பெரும்பாலும் குட்டியே விழுங்கிவிடும், அதனாலும் கெடுதல் இல்லை. ரத்தம் நிற்காமல் கசிந்தாலோ, குட்டி சாப்பிட மறுத்தாலோ மட்டும் உடனே காட்டுங்கள்.

உங்கள் மாமியார் பாசத்தோடுதான் போடுகிறார். ஆனால் அந்த நல்லி எலும்பை இன்றே நிறுத்திவிடுங்கள். வெந்த எலும்பு ஈரப்பசை போய் முறுகிவிடும். கடித்தால் சிராய் சிராயாக உடைந்து ஈறிலும் தொண்டையிலும் குடலிலும் குத்தும். கோழி எலும்பு இதில் இன்னும் மோசம். குழம்பில் வெந்த வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுக்களைச் சிதைக்கக்கூடியவை. எலும்பை அலசுவதால் அந்தச் சாறு முழுக்கப் போய்விடாது. நல்லிக்குள் இருக்கும் கொழுப்பு, சின்ன நாய்களுக்கு வாந்தி, பேதியில் தொடங்கி கணைய அழற்சி வரை கொண்டுபோய் விடலாம்.

இன்னொன்றையும் அவருக்குச் சொல்லுங்கள். வட்டமாக வெட்டிய நல்லித் துண்டின் ஓட்டைக்குள் நாக்கை விட்டு உறிஞ்சும்போது, அது கீழ்த்தாடையில் வளையல் போல ஏறி, கோரைப்பற்களுக்குப் பின்னால் மாட்டிக்கொள்ளும். தாடை வீங்கத் தொடங்கினால் பிறகு கையால் கழற்ற முடியாது. மயக்க மருந்து கொடுத்து எலும்பை அறுத்துத்தான் எடுக்க வேண்டும். பச்சை எலும்பு சிராயாக உடைவது குறைவு என்பது உண்மைதான். ஆனால் அதில் சால்மோனெல்லா போன்ற கிருமிகள் இருக்கும். குட்டிக்கு மட்டுமல்ல, அதை இழுத்துப்போடும் தரையில் தவழும் குழந்தைக்கும் ஆபத்து.

கால்சியத்துக்கு எலும்பு தேவையில்லை. குட்டிகளுக்கென்று விற்கும் முழு உணவில் அது அளவாகவே இருக்கிறது. வீட்டுச் சோறுதான் கொடுக்கிறீர்கள் என்றால், எடையையும் வயதையும் பார்த்து உங்கள் மருத்துவர் கணக்கிட்டுத் தரட்டும்.

கடையில் கொடுத்த முடிச்சு எலும்பு உண்மையில் எலும்பே இல்லை. மாட்டுத்தோலின் உள்பகுதியைப் பதப்படுத்தி, முறுக்கிக் காயவைத்தது. எச்சிலில் ஊறியதும் முடிச்சு அவிழ்ந்து, ஒரு துண்டு அப்படியே தொண்டைக்குள் நழுவும். வயிற்றுக்குப் போனாலும் ஊறிப் பருக்குமே தவிர எளிதில் கரையாது. இரண்டு கிலோ குட்டிக்கு நான் இதைச் சிபாரிசு செய்ய மாட்டேன்.

எந்தப் பொருளை வாங்கினாலும் கட்டைவிரல் நகத்தால் அழுத்திப் பாருங்கள். நகம் கொஞ்சமாவது பதிய வேண்டும். பதியவில்லை என்றால் அது பல்லைவிடக் கடினம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மான் கொம்பு, மாட்டுக் குளம்பு, கெட்டி நைலான், யாக் பாலாடைக் கட்டி எல்லாம் இந்தச் சோதனையில் தோற்றுவிடும். வளர்ந்த நாய்களுக்கே இவற்றால் மேல் கடைவாயின் பெரிய பல் பிளந்துவிடுவதுண்டு. பால் பல்லோ ஊசி மாதிரி மெலிசு. ‘கால்சியம் போன்’ என்று விற்பதையும் பெயரை நம்பி வாங்காமல் நகத்தை வைத்தே முடிவு செய்யுங்கள். அடுத்தது அளவு. முழுசாக வாய்க்குள் போகும் எதுவும் கூடாது. கடித்துக் கடித்து அந்த அளவுக்குக் குறைந்ததும் வாங்கி எறிந்துவிட வேண்டும்.

குட்டிகளுக்கென்றே செய்த மென்மையான ரப்பர் பொம்மையை வாங்குங்கள். உள்ளே குழிவாக, இரு பக்கமும் ஓட்டை உள்ளதாகப் பாருங்கள். ஒரே ஓட்டை என்றால் காற்று இழுத்து நாக்கு சிக்கிக்கொள்ளலாம். அதற்குள் வேகவைத்த பூசணியோ கொஞ்சம் தயிரோ அடைத்து, சில்லென்று ஆகும்வரை ஃப்ரீசரில் வைத்துக் கொடுத்தால் ஈறு வலிக்கு இதமாக இருக்கும். பீநட் பட்டர் தடவுவதானால் சைலிட்டால் இல்லை என்று லேபிளில் பார்த்துவிட்டுத் தடவுங்கள். அந்த இனிப்பு நாய்க்கு விஷம். செலவே இல்லாத வழி, ஒரு சின்னத் துவாலையை நனைத்து முறுக்கி உறையவைத்துக் கொடுப்பது. ஒரு முனையை நீங்கள் பிடித்துக்கொள்ளுங்கள், இளகியதும் வாங்கிவிடுங்கள். கயிறு பொம்மை வேண்டாம். விழுங்கிய நூல் குடலைச் சுருட்டி இழுத்து அறுத்துவிடும். ஐஸ் கட்டியும் பல்லுக்கு ஆகாது.

மாம்பழக் காலத்தில் கொட்டையையும், மக்காச்சோளம் தின்ற பிறகு கட்டையையும் மூடிபோட்ட குப்பைத்தொட்டியில் போடுங்கள். இரண்டுமே குடலை அடைத்து அறுவைசிகிச்சையில் கொண்டுபோய் விடும். வயரை எட்டாத உயரத்துக்கு ஏற்றிவிடுங்கள். குழந்தைகளுக்குத் தடவும் பல் வலி ஜெல், பாராசிட்டமால், இபுபுரூஃபன் எதையும் கொடுக்காதீர்கள். குட்டி திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தாலோ, வாயைக் காலால் பிறாண்டி எச்சில் ஒழுகவிட்டாலோ, மலம் போகாமல் முக்கினாலோ, மறுநாள் வரை காத்திருக்கக் கூடாது.

இனி வாரம் ஒருமுறை உதட்டைத் தூக்கிப் பாருங்கள். பொமேரியன் போன்ற சின்ன இனங்களில் பால் கோரைப்பல் விழாமலே நிற்க, பக்கத்திலேயே புதுப் பல் முளைத்துவிடும். மேலே, பால் பல்லுக்கு முன்புறம் வரும். கீழே, நாக்குப் பக்கமாக வந்து மேலண்ணத்தில் குத்தும். இரண்டும் சேர்ந்து நிற்பது தெரிந்தால் தானாக விழட்டும் என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். நீங்களே ஆட்டிப் பிடுங்கப் பார்க்காதீர்கள். வேர் நீளமாக, மெலிசாக இருப்பதால் உள்ளே உடைந்து தங்கிவிடும். மயக்க மருந்து கொடுத்துத்தான் எடுப்பார்கள். கருத்தடை செய்யும் நாள் நெருங்கியிருந்தால் அதே மயக்கத்தில் இதையும் முடித்துவிட முடியுமா என்று கேளுங்கள்.