விமான நிலையத்தில் காத்திருக்கத் தெரிய வேண்டும்

"ஆக்கப் பொறுத்தவன் ஆறப் பொறுக்க வேண்டாமா?" என்று நம் ஊர்ப் பெரியவர்கள் சொல்வார்கள். வெளிநாட்டுப் பயணத்துக்கு இது நன்றாகப் பொருந்தும். விசாவுக்காக மாதக்கணக்கில் பொறுத்திருக்கிறோம். விமானம் நான்கு மணி நேரம் தாமதம் என்றதும் நிலைகுலைந்து போகிறோம். பொறுமையோடு விவரமும் தெரிந்திருந்தால் பாதிக் கவலை குறையும். தாராவியிலிருந்து துபாய்க்கு வேலைக்குப் போகும் தம்பிக்கும், மாட்டுங்காவிலிருந்து மகளின் பிரசவத்துக்காக அமெரிக்கா புறப்படும் அம்மாவுக்கும், செம்பூரிலிருந்து படிக்கப் போகும் பிள்ளைக்கும் பயன்படும் சில செய்திகளை இங்கே பார்ப்போம்.

1990 தந்த பாடம்

1990 ஆகஸ்ட் 2ஆம் தேதி ஈராக் படைகள் குவைத்துக்குள் நுழைந்தன. அப்போது அங்கே ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் இருந்தார்கள். அவர்களில் ஏராளமானோர் பஸ்ஸிலும் லாரியிலும் ஏறி, பாக்தாத் வழியாகப் பாலைவனம் கடந்து, ஜோர்டானின் தலைநகர் அம்மானை அடைந்தார்கள். அங்கே முகாம்களில் தங்கி, தங்கள் முறை வரும்வரை காத்திருந்தார்கள். ஏர் இந்தியாவின் தலைமையில் 488 தடவை விமானங்கள் பறந்து, ஒரு லட்சத்துக்கும் மேலானவர்களைத் தாயகம் சேர்த்தன. அவர்களில் மிகப் பலர் வந்து இறங்கிய இடம் நம் பம்பாய்தான்.

வளைகுடாவில் தொழிலாளரின் பாஸ்போர்ட்டை முதலாளியே வாங்கி வைத்துக்கொள்ளும் வழக்கம் இருந்தது. அதனால் கையில் பாஸ்போர்ட் இல்லாமலே புறப்பட்டவர்களும் உண்டு. இதில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. பாஸ்போர்ட், விசா, வேலை ஒப்பந்தம் மூன்றுக்கும் இரண்டு நகல்கள் எடுக்க வேண்டும். ஒன்று பயணியின் கைப்பையில், மற்றொன்று வீட்டுப் பெட்டியில் இருக்கட்டும்.

இனிஷியல் தரும் தலைவலி

நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தகப்பனார் பெயரின் முதல் எழுத்துதான் உண்டு. உள்ளூரில் எஸ். முருகன் என்றால் போதும். ஆனால் பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்து எழுத வேண்டும். ஒரே வீட்டில் அண்ணன் தகப்பனார் பெயரைக் குடும்பப் பெயராக எழுதியிருப்பார். தம்பி அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டிருப்பார். வம்பு இங்கேதான் தொடங்குகிறது. 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டுக்குச் சுற்றுலா, வருகை விசாக்கள் கிடையாது என்று அறிவித்தது. பாஸ்போர்ட்டின் உள்பக்கத்தில் தகப்பனார் பெயர் இருந்தால் ஏற்போம் என்று பிறகு விளக்கம் வந்தது. ஆகவே டிக்கெட்டில் உள்ள பெயரையும் பாஸ்போர்ட்டில் உள்ள பெயரையும் எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். இதை டிக்கெட் வாங்கிய அன்றே செய்வது நல்லது. கவுண்டரில் போய் நின்று பார்த்தால் காலம் கடந்துவிடும்.

தேதியிலும் கவனம் தேவை. மும்பையிலிருந்து பல வெளிநாட்டு விமானங்கள் நள்ளிரவுக்குப் பிறகுதான் கிளம்புகின்றன. டிக்கெட்டில் 15ஆம் தேதி 00.40 மணி என்று இருந்தால், 14ஆம் தேதி இரவே விமான நிலையத்தில் இருக்க வேண்டும். 15ஆம் தேதி இரவு உறவினர் கூட்டத்தோடு போய் நின்று ஏமாந்தவர்கள் உண்டு.

குடியகல்வுச் சோதனை எதற்காக?

பத்தாம் வகுப்பு தேறாதவர்கள் பலருடைய பாஸ்போர்ட்டில் இ.சி.ஆர். என்ற குறிப்பு இருக்கும். அவர்கள் வளைகுடா நாடுகள், மலேசியா முதலிய சில நாடுகளுக்கு வேலைக்குப் போக, 1983ஆம் ஆண்டின் குடியகல்வுச் சட்டப்படி முன் அனுமதி பெற வேண்டும். "அதெல்லாம் வேண்டாம், விசிட் விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம்" என்று சில ஏஜென்டுகள் ஆசை காட்டுவார்கள். கவுண்டரில் அதிகாரி கேள்வி கேட்டுத் திருப்பி அனுப்பினால், வட்டிக்கு வாங்கிக் கட்டிய பணம் போய்விடும். தப்பித்தவறிப் போய்ச் சேர்ந்தாலும் ஆபத்துதான். அனுமதி பெற்றுப் போகிறவருடைய முதலாளி பெயரும் ஒப்பந்தமும் அரசிடம் பதிவாகின்றன. 10 லட்ச ரூபாய்க் காப்பீடும் அவருக்கு உண்டு. அனுமதி இல்லாமல் போனவருக்கு ஏதாவது நேர்ந்தால், ஊரில் இருக்கும் மனைவி எந்தக் காகிதத்தைக் காட்டி உதவி கேட்பாள்? அந்த ஒரு முத்திரைக்காக அலைவது வீண் அலைச்சல் அல்ல.

தாமதமானால் கேட்க வேண்டியவை

நேரத்துக்கு வந்து செக்-இன் செய்த பயணிக்குச் சில உரிமைகள் உண்டு. இந்திய விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதிப்படி, துபாய் போன்ற மூன்று மணி நேரப் பயணத்துக்கு 3 மணி நேரமும், லண்டன் போன்ற நெடும் பயணத்துக்கு 4 மணி நேரமும் தாமதமானால் உணவும் சிற்றுண்டியும் தர வேண்டும். தாமதம் 24 மணி நேரத்தைத் தாண்டினால் தங்கும் இடம் தர வேண்டும். இரவு 8 மணிக்கும் அதிகாலை 3 மணிக்கும் இடையே கிளம்ப வேண்டிய விமானமானால், 6 மணி நேரத்துக்கு மேல் தாமதமானாலே தங்கும் இடம் கேட்கலாம். வெளிநாட்டு விமானக் கம்பெனிகளுக்கு அவற்றின் நாட்டு விதிகளும் உண்டு. சத்தம் போடுவதால் பயனில்லை. தாமதத்தின் காரணத்தை எழுத்தில் கேளுங்கள்; போர்டிங் பாஸைப் பத்திரப்படுத்துங்கள்.

பெட்டி வரவில்லை என்றால், அந்த ஹாலை விட்டு வெளியேறுமுன் விமானக் கம்பெனியின் மேசையில் புகார் எழுதிக் கொடுத்து நகல் வாங்க வேண்டும். 2009 முதல் இந்தியாவிலும் நடைமுறையில் உள்ள மான்ட்ரியல் ஒப்பந்தப்படி, சேதமடைந்த பெட்டிக்கு 7 நாட்களுக்குள்ளும், தாமதமாகக் கிடைத்த பெட்டிக்கு அது கைக்கு வந்த 21 நாட்களுக்குள்ளும் எழுத்தில் முறையிட வேண்டும். மருந்தும், ஒரு மாற்று உடையும், பாஸ்போர்ட்டும் எப்போதும் கைப்பையில்தான் இருக்க வேண்டும்.

முதியவர்களைத் தனியே அனுப்பும்போது

இந்தியர்கள் புறப்படும்போது நிரப்பி வந்த அட்டை 2017 ஜூலை முதல் நீக்கப்பட்டது. ஆனால் சிங்கப்பூரும் மலேசியாவும், வந்து இறங்குவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் வருகை விவரத்தை இணையத்தில் பதியச் சொல்கின்றன. அதை வீட்டுப் பிள்ளைகளே செய்து கொடுக்க வேண்டும். போய்ச் சேரும் முகவரி, தொலைபேசி எண், உட்கொள்ளும் மருந்துகளின் பெயர் ஆகியவற்றை ஒரே தாளில் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிக் கொடுங்கள். சக்கர நாற்காலி வேண்டுமானால் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

வரிசையில் நிற்கும்போது பக்கத்தில் ஒரு பெரியவர் கையில் காகிதத்தோடு விழித்துக்கொண்டு நின்றால், "எங்கே போகிறீர்கள் ஐயா?" என்று தமிழில் ஒரு வார்த்தை கேளுங்கள். நமக்கும் பொழுது போகும். அவருக்கும் தைரியம் வரும்.