இணைப்பு இருக்கிறது, பெயர்தான் தெரியவில்லை

கோடை விடுமுறையில் கணினி ஆய்வகத்தின் இயங்குதளத்தைப் புதுப்பித்துவிட்டு, பள்ளி திறந்ததும் மாணவர்களை உள்ளே அழைத்துப் போனால் முதலில் எழும் குரல், "டீச்சர், நெட் வரல!" என்பதாகத்தான் இருக்கும். அந்த ஒரு வாக்கியத்துக்குள் நான்கைந்து வெவ்வேறு பழுதுகள் ஒளிந்திருக்கலாம். அவற்றுள் அதிகம் அலைக்கழிப்பதும், கண்டுபிடித்துவிட்டால் பத்து நிமிடத்தில் தீர்வதும் பெயர்த் தீர்வுப் பழுது. கணினி ஆசிரியர் இல்லாத பள்ளிகளில் ஆய்வகப் பொறுப்பைக் கூடுதலாகச் சுமக்கும் நண்பர்களுக்கும் பயன்படட்டும் என்று இதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

காரைக்குடிக்கு அருகில் நான் பணியாற்றும் மேல்நிலைப் பள்ளியில் பதினொரு கணினிகள் டெபியன் 11 பதிப்பிலிருந்து 12க்கு மாற்றப்பட்டன. ஏழு கணினிகளில் எல்லாம் சரியாக இருந்தது. நான்கில் மறுதொடக்கம் செய்த பிறகு எந்தத் தளமும் திறக்கவில்லை. அதே அறை, அதே சுவிட்ச், அதே ரவுட்டர். பராமரிப்புக்கு வந்தவர், "நாலையும் ஃபார்மட் பண்ணிப் புதுசா போட்டுடலாம் மேடம்" என்றார். அந்த நான்கில்தான் மாணவர்கள் பதினொன்றாம் வகுப்பில் எழுதிய சி++ நிரல்களும் செய்முறைப் பயிற்சிக் கோப்புகளும் இருந்தன. வேறெங்கும் படி இல்லை. ஏழு கணினிகள் இயங்கும்போது நான்கு மட்டும் ஏன் மறுக்கின்றன என்பதற்கு விடை தெரியாமல் அழிப்பதற்கு நான் சம்மதிக்கவில்லை.

முதலில் எண், பிறகு பெயர் என்ற வரிசையில் சோதித்தோம். முனையத்தைத் திறந்து 'பிங்' கட்டளையை மூன்று முறை கொடுக்க வேண்டும். முதல் முறை ரவுட்டரின் எண்ணுக்கு. எங்கள் ஆய்வகத்தில் அது 192.168.1.1. இரண்டாவது முறை வெளியுலக எண் ஒன்றுக்கு, எடுத்துக்காட்டாக 8.8.8.8. மூன்றாவது முறை ஏதேனும் ஒரு தளத்தின் பெயருக்கு. ரவுட்டரே பதில் தராவிட்டால் கம்பி, சுவிட்ச், வைஃபை ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். ரவுட்டர் பதில் தந்து வெளி எண் தராவிட்டால் பெரும்பாலும் சேவை நிறுவனத்தின் பக்கம் கோளாறு. (சில வலையமைப்புகளில் பிங்கைத் தடுத்து வைத்திருப்பார்கள், எனவே நன்றாக இயங்கும் பக்கத்துக் கணினியிலும் அதே மூன்றையும் செய்து ஒப்பிடுவது நல்லது.) எங்கள் நான்கு கணினிகளிலும் இரண்டு எண்களும் பதில் தந்தன. பெயரைக் கொடுத்தபோது மட்டும், பெயரைத் தீர்ப்பதில் தற்காலிகத் தோல்வி என்று பொருள்படும் ஆங்கில வரி வந்தது. அந்தத் 'தற்காலிக' என்ற சொல்லை நம்பி அரை மணி நேரம் காத்திருக்க வேண்டாம். தானாகச் சரியாகாது.

எண்ணுக்குப் போக முடிகிற கணினி பெயருக்கு ஏன் போக முடியவில்லை? இதைச் செட்டிநாட்டு மாணவர்களுக்கு விளக்க 'விலாசம்' என்ற ஒரு சொல் போதும். நகரத்தார் வீடுகளைக் கதவு எண் சொல்லி யாரும் கேட்பதில்லை. முன்னோர் பெயர்களின் முதலெழுத்துகளைக் கோத்த விலாசத்தைச் சொன்னால்தான் வீடு தெரியும். பர்மாவிலும் மலாயாவிலும் இலங்கையிலும் தொழில் நடத்திய காலத்தில் கடைகளுக்கும் அந்த விலாசமே பெயராக இருந்தது. கானாடுகாத்தானுக்கோ பள்ளத்தூருக்கோ வரும் கடிதத்தில் விலாசம் மட்டும் இருந்தாலும், ஊரறிந்த தபால்காரர் எந்தத் தெரு, எந்த வீடு என்று தெரிந்து கொண்டுபோய்க் கொடுத்துவிடுவார். அந்தத் தபால்காரர் மாற்றலாகி, விலாசம் அறியாத ஒருவர் வந்தால் என்ன ஆகும்? தெரு இருக்கிறது, வீடு இருக்கிறது, வீட்டில் ஆளும் இருக்கிறார்கள். கடிதம்தான் போய்ச் சேராது. எங்கள் நான்கு கணினிகளின் நிலை அதுதான்.

பன்னிரண்டாம் வகுப்புக் கணினிப் பயன்பாடுகள் பாடநூலில் டி.என்.எஸ். பற்றித் தனிப்பாடமே இருக்கிறது. அங்கே மரவரைபடமாக வருவதையும் ஊர் வழக்கிலேயே சொல்லலாம். நகரத்தாரில் ஒருவரை அடையாளம் காண முதலில் ஒன்பது நகரக் கோயில்களில் எந்தக் கோயில் என்று கேட்பார்கள். இளையாற்றங்குடியா, மாத்தூரா, பிள்ளையார்பட்டியா என்று. பிறகு ஊர், பிறகு விலாசம், பிறகு ஆள். நாம் நாள்தோறும் வருகை பதியும் எமிஸ் தளத்தின் பெயரை வலமிருந்து இடமாகப் படித்தால் இதே வரிசை: முதலில் 'இன்', அடுத்து 'கவ்', அடுத்து 'டி.என்.ஸ்கூல்ஸ்', கடைசியில் 'எமிஸ்'. பெயரைத் தேடும் சேவையகம் வேர்ச் சேவையகத்திடம் 'இன்' எங்கே என்று கேட்கும். அங்கே போய்க் 'கவ்' எங்கே என்று கேட்கும். இப்படி ஒவ்வொரு படியாக இறங்கி எண்ணைக் கொண்டுவரும். கொண்டுவந்ததைக் கொஞ்ச நேரம் நினைவிலும் வைத்துக்கொள்ளும்.

நம் கணினி இவ்வளவு வேலையையும் தானே செய்வதில்லை. யாரிடம் கேட்க வேண்டும் என்பது மட்டும் அதற்குத் தெரிந்தால் போதும். லினக்ஸில் அது 'இடிசி' அடைவில் உள்ள 'ரிசால்வ்.கான்ஃப்' என்ற சிறிய கோப்பில் எழுதப்பட்டிருக்கும். அந்தக் கோப்பைத் திறந்து பார்ப்பதுதான் இந்தப் பழுதில் செய்ய வேண்டிய முதல் வேலை. ஏழு நல்ல கணினிகளில் அதில் ரவுட்டரின் எண் இருந்தது. நான்கில் கோப்பே திறக்கவில்லை. அடைவைப் பட்டியலிட்டுப் பார்த்தபோது அது உண்மையான கோப்பு அல்ல, வேறோர் இடத்தைக் காட்டும் இணைப்பு என்றும், அது காட்டும் இடத்தில் ஒன்றுமே இல்லை என்றும் தெரிந்தது.

காரணம் டெபியன் 12இன் வெளியீட்டுக் குறிப்பிலேயே இருக்கிறது. 'சிஸ்டம்டி-ரிசால்வ்டு' என்ற சேவை 11ஆம் பதிப்பு வரை அடிப்படைத் தொகுப்போடு சேர்ந்தே வந்தது. 2023 ஜூனில் வெளியான 12ஆம் பதிப்பில் அதைத் தனித் தொகுப்பாகப் பிரித்துவிட்டார்கள். மேம்படுத்தும்போது அது தானாக நிறுவப்படாது. முன்பே அந்தச் சேவையை இயக்கி வைத்திருந்த கணினிகளில் சேவை போய்விடும், அதைக் காட்டும் இணைப்பு மட்டும் மிஞ்சும். எங்கள் ஆய்வகத்தில் நான்கு கணினிகள் வேறொரு சமயத்தில் தனியாக அமைக்கப்பட்டவை. அவற்றில் மட்டும் அந்தச் சேவை இயக்கப்பட்டிருந்தது. சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் டெபியனை அடித்தளமாகக் கொண்டதே. ஆகவே அதைப் பயன்படுத்தும் பள்ளிகளும் இந்தக் கோப்பைத் திறந்து பார்ப்பது நல்லது.

சரிசெய்வதில் ஒரு வேடிக்கை உண்டு. விட்டுப்போன தொகுப்பை நிறுவ வேண்டும். நிறுவ இணையத்திலிருந்து இறக்க வேண்டும். இறக்க, தொகுப்புச் சேவையகத்தின் பெயர் தெரிய வேண்டும். பெயர் தெரிய அந்தத் தொகுப்பு வேண்டும்! இந்தச் சுழலை உடைக்க, நிர்வாகி உரிமையோடு அந்த உடைந்த இணைப்பை நீக்கிவிட்டு, அதே பெயரில் சாதாரணக் கோப்பு ஒன்றை உருவாக்கி, அதில் 'நேம்சர்வர்' என்ற சொல்லையும் ரவுட்டரின் எண்ணையும் ஒரே வரியில் எழுதிச் சேமிக்க வேண்டும். மறுகணமே பெயர்கள் தெரியத் தொடங்கும். பிறகு 'ஏ.பி.டி.' மூலம் சிஸ்டம்டி-ரிசால்வ்டு தொகுப்பை நிறுவி, மறுதொடக்கம் செய்து, கோப்பை மீண்டும் பார்க்க வேண்டும். இப்போது அதில் 127.0.0.53 என்ற எண் இருக்கும். பலர் இதைக் கண்டு பதறி அழித்துவிடுகிறார்கள். அது கணினிக்குள்ளேயே அமர்ந்திருக்கும் அந்தச் சேவையின் எண்தான். உபுண்டுவில் இதுவே இயல்பு. உண்மையில் எந்தச் சேவையகத்திடம் கேட்கிறது என்பதை 'ரிசால்வ்சி.டி.எல். ஸ்டேட்டஸ்' கட்டளை காட்டும்.

நான்கு கணினிகளுக்கும் சேர்த்து முக்கால் மணி நேரம் ஆயிற்று. கோப்புகள் எல்லாம் அப்படியே இருந்தன. இனிமேல்தான் மேம்படுத்தப் போகிறீர்கள் என்றால், மேம்படுத்தி முடித்ததும் மறுதொடக்கத்துக்கு முன்பே அந்தத் தொகுப்பை நிறுவிவிட்டால் இந்தச் சுற்றே வேண்டாம்.

இங்கே எனக்கு அழுத்தமான கருத்து ஒன்று உண்டு. இந்தப் பழுதுக்குக் கைவைத்தியமாகப் பலரும் சொல்வது, "8.8.8.8 போட்டு விடுங்க" என்பது. வீட்டில் போட்டுக்கொள்ளலாம். பள்ளியில் கூடாது. ஆய்வகத்தில் குழந்தைகள் பார்க்கக் கூடாத தளங்களைத் தடுக்கும் வடிகட்டி பல இடங்களில் பெயர்த் தீர்வு வழியாகத்தான் வேலை செய்கிறது. வெளியாரின் சேவையகத்தை எழுதி வைத்தால் இணையம் வந்துவிடும். வடிகட்டி சத்தமில்லாமல் விலகிவிடும். யாரும் புகார் சொல்லமாட்டார்கள், ஏனென்றால் எல்லாமே 'நன்றாக வேலை செய்யும்'. சோதனைக்காக எழுதியிருந்தால் அன்றே எடுத்துவிட்டு ரவுட்டரின் எண்ணுக்குத் திரும்ப வேண்டும்.

இதே போலத் தோன்றும் வேறு சிலவற்றையும் சொல்லிவிடுகிறேன். விண்டோஸ் கணினிகளில், பழைய சேவை நிறுவனத்தின் டி.என்.எஸ். எண்ணை யாரேனும் கையால் எழுதி வைத்திருந்தால் நிறுவனம் மாறிய பின்பும் கணினி அதையே கேட்டுக்கொண்டிருக்கும். தானாகப் பெறும்படி மாற்றினால் போதும். விடுமுறை முழுதும் அணைந்திருந்த கணினியில் தாய்ப்பலகை மின்கலம் தீர்ந்து தேதி பின்னால் போயிருந்தால், தளம் பாதுகாப்பற்றது என்ற எச்சரிக்கை வரும். அது பெயர்ப் பழுதல்ல, தேதியைத் திருத்துங்கள். வெளித் தளங்கள் எல்லாம் திறந்து, ஆய்வகத்தின் சொந்தச் சேவையகம் மட்டும் திறக்கவில்லை என்றால் அதன் பெயர் '.லோக்கல்' என்று முடிகிறதா எனப் பாருங்கள். அந்த முடிவு வேறொரு முறைக்கென 2013 முதல் ஒதுக்கப்பட்டது. பல லினக்ஸ் கணினிகள் அந்தப் பெயரை ரவுட்டரிடம் கேட்பதே இல்லை.

பழுது நீங்கிய மறுநாள் இதையே பாடமாக்கினேன். 1983இல் பால் மொக்கபெட்ரிஸ் டி.என்.எஸ். முறையை வகுப்பதற்கு முன், வலையமைப்பில் இருந்த எல்லாக் கணினிகளின் பெயரும் எண்ணும் ஒரே கோப்பில் எழுதப்பட்டு, ஓரிடத்திலிருந்து எல்லோரும் படியெடுத்துக்கொண்டார்கள். அந்தக் கோப்பின் வாரிசு இன்றும் ஒவ்வொரு கணினியிலும் 'ஹோஸ்ட்ஸ்' என்ற பெயரில் இருக்கிறது. வழக்கமான அமைப்பில் கணினி அதைப் பார்த்த பிறகே வெளியே கேட்கும். மாணவர்கள் பக்கத்துக் கணினியின் எண்ணைக் கண்டுபிடித்து, அதற்குத் தாங்கள் விரும்பும் ஆங்கிலப் பெயர் ஒன்றை இந்தக் கோப்பில் எழுதி, அந்தப் பெயருக்குப் பிங் கொடுத்தார்கள். பிறகு ஒருவர் பெயரை மாற்ற, மற்றவர்களின் கோப்புகளெல்லாம் பழையதாகிப் போயின. ஒரே கோப்பு முறை ஏன் கைவிடப்பட்டது என்று நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"தமிழ்ல பேர் வைக்க முடியாதா டீச்சர்?" என்று ஒரு மாணவி கேட்டாள். முடியும். '.இந்தியா', '.இலங்கை', '.சிங்கப்பூர்' என்ற தமிழ் முடிவுகளே பதிவில் உள்ளன. உள்ளே அவை ஆங்கில எழுத்துகளாகக் குறியேற்றப்பட்டே பயணிக்கின்றன. அந்தக் குறியேற்றத்தைச் செய்து பார்ப்பதை அடுத்த வார வகுப்புக்கு வைத்திருக்கிறோம்.