தாலுகா அலுவலக வாசலில் கடை போடும் தங்கைக்கு

அன்புத் தங்கைக்கு,

மேலூரில் மனு எழுதித் தட்டச்சு செய்து தரும் கடை போடப் போகிறாய் என்று அறிந்து மனம் நிறைந்தது. புது லேப்டாப்புக்குக் கடன் வாங்கலாமா, அண்ணன் பிளஸ் டூவில் வாங்கிய அரசு லேப்டாப்பை வைத்தே சமாளிக்கலாமா என்று கேட்டிருக்கிறாய். கடன் வேண்டாம். இரண்டு பக்க மனுவுக்கு அந்த லேப்டாப் தாராளம். அதன் சக்தி எதில் கரைகிறது என்பதை மட்டும் நீ அறிந்து வைத்திருக்க வேண்டும்.

2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்தில் வந்தது அது. அரசு நிறுவனமான எல்காட் மூலம் வாங்கிக் கொடுத்த தொடக்ககால லேப்டாப்புகளில் 2 ஜி.பி. ரேம், 320 ஜி.பி. ஹார்டு டிஸ்க். விண்டோஸோடு சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. அதை ஒருமுறைகூடத் திறந்து பார்க்காமல் அழித்தவர்கள் எத்தனையோ பேர். உரிமத் தொல்லை இல்லாத ஒரு அலுவலகமே பிள்ளைகளின் கைக்கு வந்து, பயன்படாமல் போயிற்று. அந்த வருத்தம் எனக்கு இன்றும் உண்டு.

முதலில் ஹார்டு டிஸ்க்கை மாற்று. சுழலும் பழைய டிஸ்க்தான் நம்மைக் காக்க வைக்கிறது. அந்த இடத்தில் சிறிய சாட்டா எஸ்.எஸ்.டி. ஒன்றைப் பொருத்தினால் லிப்ரெஆபிஸ் திறக்கும் நேரம் வெகுவாகக் குறையும். கையில் காசு மிஞ்சினால் டிடிஆர்3 ரேம் இன்னொரு 2 ஜி.பி. பழையதாகக் கிடைத்தாலும் போதும். பின்மூடியைக் கழற்றும்போதே விசிறியில் அடைந்த தூசியைத் துடைத்து, புது தெர்மல் பேஸ்ட் வைக்கச் சொல். சித்திரை வெயில் 40 டிகிரியைத் தாண்டும் ஊர் நம்முடையது. தகரக் கூரைக்கடியில் சூடேறினால் பிராசசர் தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். மதியத்துக்கு மேல் லேப்டாப் மந்தமாவதற்கு வைரஸைத் தேடாதே, விசிறியைப் பார்.

அடுத்தது லினக்ஸ். லுபுண்டு போடலாம், எக்ஸ்எஃப்சிஇ முகப்போடு டெபியனும் போடலாம். பிராசசர் 64 பிட்தானா என்று முன்பே பார்த்துக்கொள். வெறும் 32 பிட் என்றால் டெபியன் 12-உடன் நின்றுவிடு. 13-ஐ அதில் நிறுவ முடியாது. இசட்ரேம் என்ற வசதியை இயக்கி வை. ரேம் நிரம்பும்போது கொஞ்சத்தை அது ரேமுக்குள்ளேயே சுருக்கி வைக்கும். டிஸ்க்குக்கு ஓட வேண்டிய தேவை குறையும்.

லிப்ரெஆபிஸ் கனமானது, அபிவேர்டுக்கு மாறு என்று யாராவது சொல்வார்கள். வக்கீல் ஆபிஸிலிருந்து வரும் வேர்டு கோப்பின் அட்டவணையும் பக்க எண்ணும் குலையாமல் திறக்க வேண்டிய வேலை உன்னுடையது. அதனால் லிப்ரெஆபிஸையே வைத்துக்கொண்டு எடையைக் குறை. அமைப்புகளில் 'மேம்பட்டவை' பகுதிக்குப் போய் ஜாவாவை நிறுத்து. ரைட்டருக்கும் கால்க்குக்கும் பெரும்பாலும் அது தேவைப்படாது. பழைய பேட்டரி, கரண்ட் போனால் தாங்காது. தானியங்கிச் சேமிப்பு 10 நிமிடத்துக்கு ஒருமுறை என்று இருக்கும். அதை 2 ஆக்கு. தட்டச்சு செய்யும்போது பிரவுசரை மூடு. எந்த நிரல் எவ்வளவு ரேம் பிடிக்கிறது என்று காட்டும் ஹெச்டாப்பைத் திறந்து ஒரு நாள் கவனித்தால் உனக்கே தெரியும்: வாட்ஸ்அப் வெப் ஒன்று தின்னும் ரேமில் பல மனுக்களைத் திறந்து வைக்கலாம்.

படங்களிடம்தான் மிகுந்த எச்சரிக்கை வேண்டும். போனில் எடுத்த பட்டா நகல் வெறும் 4 எம்.பி. கோப்பாகத்தான் தெரியும். 4000-க்கு 3000 புள்ளிகள் கொண்ட படம் திரையில் விரியும்போது ஒரு புள்ளிக்கு 4 பைட் வீதம் 48 எம்.பி. ரேமைப் பிடிக்கிறது. பத்துப் படம் ஒட்டிய கோப்பு ஏன் திணறுகிறது என்று இப்போது புரியும். ஒட்டுவதற்கு முன்பே அகலத்தை 1200 புள்ளியாகக் குறைத்துவிடு. 6 அங்குலத்தில் அச்சிட்டால் அங்குலத்துக்கு 200 புள்ளி வரும். கையெழுத்தும் முத்திரையும் தெளிவாகத் தெரியும்.

நீ தமிழ் டைப்ரைட்டிங் லோயர் முடித்தவள். அந்தப் பழக்கத்தை விட வேண்டியதில்லை. லினக்ஸில் விசைப்பலகை முறைகளைத் தரும் ஐபஸ்ஸில் எம்17என் தொகுப்பைச் சேர்த்தால் தமிழ்99-ஓடு தட்டச்சுப்பொறி முறையும் வரும். எழுதுவது முழுக்க யூனிகோடு. இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதே. வாடிக்கையாளர் கொண்டுவரும் பாமினி, வானவில் கோப்புகளை எழுத்துருவைத் தேடிப் போட்டு அப்படியே திருத்தாமல், முதலில் யூனிகோடாக மாற்று. ஓப்பன்-தமிழ் என்ற பைத்தான் நிரல் தொகுப்பில் இரண்டுக்குமே மாற்றிகள் உண்டு. மாற்றிய பிறகு ஒற்றும் கொம்பும் சரியா என்று வரிவரியாகப் படித்துப் பார். சர்வே எண்ணையும் தந்தை பெயரையும் இரண்டு முறை படி. அதில் பிழை வந்தால் அலைவது மனுதாரர்தான். இப்படி மாற்றி வைத்த மனுக்களில் அடுத்த வருடமும் ஒரு பெயரைத் தேடி எடுக்கலாம்.

திங்கள்கிழமை மதுரை கலெக்டர் ஆபிஸில் மனு கொடுக்கப் போகிறவர்கள் முந்தின நாள் சாயங்காலமே உன் கடைக்கு வருவார்கள். அனுப்புநர், பெறுநர், பொருள் எல்லாம் இடம் போட்ட வார்ப்புருக்களை இப்போதே செய்து வை: பட்டா மாறுதல், முதியோர் உதவித்தொகை, பாதைத் தகராறு. இடைவெளியை ஸ்பேஸ் தட்டி உண்டாக்காமல் பத்திப் பாணியில் வை. அளவை ஓரிடத்தில் மாற்றினால் கோப்பு முழுக்க மாறும்.

பிரிண்டர் வாங்குமுன் ஒரு வார்த்தை. நம் ஊர் ஜெராக்ஸ் கடைகளில் சாதாரணமாகக் காணும் கேனான் எல்பிபி 2900 லினக்ஸில் தானாக ஓடாது. அதற்குத் தனி டிரைவர் வேண்டும். ஹெச்பி 1020-க்கு இயக்கும்போதெல்லாம் ஃபர்ம்வேரை ஏற்ற வேண்டும். ஹெச்பிலிப் என்ற மென்பொருள் அதைப் பார்த்துக்கொள்ளும். பழைய பிரிண்டர் வாங்கப் போனால் உன் லேப்டாப்பைக் கையோடு கொண்டுபோய், ஒரு பக்கம் அச்செடுத்துப் பார்த்த பிறகே காசைக் கொடு.

வக்கீலுக்கு அனுப்பும்போது இரண்டு கோப்பு அனுப்பு: திருத்த வேர்டு வடிவம், அச்சுக்கு பிடிஎஃப். ஆங்கிலத்துக்கு லிபரேஷன் செரிஃப் வைத்தால் டைம்ஸ் நியூ ரோமனின் அதே அகலம், பக்கம் நகராது. தமிழுக்கு அப்படி ஒரு துணை கிடையாது. நீ லோகித் தமிழ் எழுத்துருவில் அடித்ததை அவர் விண்டோஸின் லதாவில் திறந்தால் வரி உடையும், பக்க எண்ணும் மாறும். அதை முன்கூட்டியே அவரிடம் சொல்லிவிடு.

கணியம் இதழின் பழைய கட்டுரைகளைப் படி. 2012 முதல் கட்டற்ற மென்பொருளைத் தமிழிலேயே சொல்லித் தருகிறார்கள். எஸ்.எஸ்.டி. வாங்கியதும் எழுது. நிறுவும்போது நான் கூட இருக்கிறேன்.

அன்புடன்,
அண்ணன்